செங்குத்துக் காற்றாலையும் சித்தப்பாவின் மோட்டாரும்

கீரமங்கலம் பக்கத்தில் இருக்கும் என் சித்தப்பா போன மாசம் ஒரு வீடியோ அனுப்பினார். ஒரு மாடி வீடு. அதன் மேலே முறுக்கிவிட்ட மாதிரி மூன்று இறக்கைகள், நட்டுவைத்த கம்பைச் சுற்றி அழகாகச் சுழல்கின்றன. எந்தத் திசையில் காற்றடித்தாலும் சுற்றுமாம், சத்தம் வராதாம், இரவு பகல் எந்நேரமும் மின்சாரமாம். பின்னாடியே ஒரு குரல்பதிவு: "ஏம்ப்பா, இதுல ஒண்ணு வாங்கி தோப்புல நட்டா மோட்டார் ஓடுமா? நீதான் இதெல்லாம் படிக்கிற ஆளாச்சே. அட்வான்ஸ் கேக்குறாய்ங்க, பாத்துச் சொல்லு."

பேராசையில் கேட்கிறார் என்று நினைக்க வேண்டாம். 2018 நவம்பர் 16 விடிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறிய கஜா, நேராக எங்கள் பக்கம்தான் வந்தது. தென்னை, பலா, வாழை என்று எதுவும் மிஞ்சவில்லை. பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் சுற்று வட்டாரத்தில் பல ஊர்களுக்குக் கரண்ட் திரும்ப வர வாரக்கணக்கில் ஆனது. ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, மேலே கொண்டுவர வழியில்லை. தொட்டியை நிரப்ப ஜெனரேட்டர்காரனுக்கு மணிக்கணக்கில் காசு கொடுத்த ஊர் இது. அதைப் பார்த்தவருக்குத் தனக்கென்று சொந்தமாக ஒரு மின்சாரம் வேண்டும் என்று தோன்றுவதில் தப்பே இல்லை.

அதனால்தான் "வேணாம் சித்தப்பா" என்று ஒரு வரியில் முடிக்க எனக்கு மனசு வரவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கும், இந்த மாதிரி வீடியோக்கள் மேலும் எங்கள் பக்கத்துக் கல்லூரிக் கண்காட்சிகளில் பார்க்கும் மாடல்கள் மேலும் எனக்கு இருக்கும் விமர்சனமும்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். செங்குத்து அச்சுக் காற்றாலை மோசடி இல்லை. முப்பந்தலில் நிற்கிற மூன்று இறக்கை இயந்திரத்தைவிட அது ரொம்பப் பழசு. ஈரானின் கொராசான் பகுதியில் நஷ்டிஃபான் என்ற ஊரில் மண்ணாலும் மரத்தாலும் கட்டிய செங்குத்து அச்சு ஆலைகள் இன்றைக்கும் நிற்கின்றன. பல நூற்றாண்டுகளாக அவற்றில் மாவு அரைத்திருக்கிறார்கள். நவீன வடிவங்களில் இரண்டு முக்கியம். 1920களில் ஃபின்லாந்துக்காரர் சிகுர்ட் சவோனியஸ் செய்தது ஒன்று. ஒரு டிரம்மை நெடுக்காக இரண்டாக அறுத்து, கொஞ்சம் தள்ளித் தள்ளி வைத்து அச்சில் மாட்டினால் அதுதான். இன்னொன்று பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் டாரியஸ் செய்தது. அதன் இறக்கைகள் விமான இறக்கை மாதிரி மெலிந்து வளைந்திருக்கும், பார்க்க முட்டை அடிக்கும் கரண்டி போல இருக்கும். அமெரிக்காவில் இதற்கு 1931ல் காப்புரிமை கிடைத்தது. வீடியோவில் வந்த முறுக்கு வடிவமும் இந்த வம்சத்துப் பிள்ளைதான்.

சவோனியஸ் காற்றைத் தடுத்துத் தள்ளுபடுவதால் சுற்றுகிறது. மெல்லிய காற்றிலேயே கிளம்பும், ஆனால் காற்றின் வேகத்தைவிட அதிகமாக ஓடாது. டாரியஸ் விமானம் மேலே எழும்பும் அதே விசையால் சுற்றுகிறது. வேகமாக ஓடும், நிறைய சக்தி எடுக்கும். ஆனால் தானாகக் கிளம்பாமல் அடம் பிடிக்கும், பல நேரம் தள்ளிவிட வேண்டியிருக்கும். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாமல், முதலாவதின் நல்ல குணத்தையும் இரண்டாவதின் நல்ல குணத்தையும் ஒரே இயந்திரத்தின் தலையில் ஏற்றிச் சொல்வதுதான் விளம்பரத்தின் முதல் வேலை. மெல்லிய காற்றிலேயே சுற்றுமாம், நிறைய மின்சாரமும் வருமாம்.

சுற்றுவது வேறு, மின்சாரம் வருவது வேறு. புதுக்கோட்டை சிப்காட் ஷெட்டுகளின் மேலே அலுமினியப் பந்து மாதிரி எந்நேரமும் சுற்றிக்கொண்டிருக்குமே, பார்த்திருப்பீர்கள். "அதுல கரண்டு எடுக்குறாங்க" என்று எனக்கு விளக்கம் சொன்னவர்கள் உண்டு. அது ஷெட்டின் சூட்டை வெளியே இழுக்கும் காற்றுப்போக்கி, அவ்வளவுதான். ஆனால் அதுவும் செங்குத்து அச்சில் சுற்றும் இயந்திரம்தான் என்பதை மறுக்க முடியாது. சவோனியஸ் சுழலியை எடுத்து இப்படிக் காற்றுப்போக்கியாக வேன் கூரைகளில் மாட்டிக் காட்டியவர் ஆன்டன் ஃப்ளெட்னர் என்ற ஜெர்மானியர். அதைச் சுற்றவைக்க ஒன்றிரண்டு வாட் போதும். மோட்டாரைச் சுற்றவைக்க?

சரி, கணக்குக்கு வருவோம். காற்றிலிருந்து வரும் சக்தியை மூன்று விஷயம் தீர்மானிக்கிறது: இயந்திரம் காற்றை எவ்வளவு பரப்பில் மறிக்கிறது, காற்றின் வேகம் எவ்வளவு, மறித்ததில் எத்தனை சதவீதத்தை எடுக்கிறது. இதில் வேகம் மட்டும் மும்மடியாக வேலை செய்யும். காற்று இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு. காற்று பாதியானால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். எடுக்கும் சதவீதத்துக்கு ஒரு உச்சவரம்பும் உண்டு. ஆல்பர்ட் பெட்ஸ் 1920ல் வெளியிட்ட கணக்குப்படி எந்த வடிவமானாலும் 59.3 சதவீதத்தைத் தாண்ட முடியாது. பெரிய கிடை அச்சு இயந்திரங்கள் 45 சதவீதம் வரை போகின்றன. நன்றாகச் செய்த டாரியஸ் 35ஐத் தொடலாம். சவோனியஸ் 15, 20. ஜெனரேட்டர், பேரிங், இன்வெர்ட்டர் எல்லாம் தங்கள் பங்கை எடுத்த பிறகு, சின்ன இயந்திரத்துக்கு மொத்தமாக 20 சதவீதம் என்று வைப்பது கஞ்சத்தனம் ஆகாது.

வீடியோவில் வந்தது ஒரு மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம் இருக்கும். ஆக 2 சதுர மீட்டர். காற்று வினாடிக்கு 12 மீட்டர், அதாவது மணிக்கு 43 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் அதிலிருந்து சுமார் 400 வாட் வரும். விளம்பரத்தில் போடுவது இந்த எண்ணைத்தான். அதே இயந்திரத்துக்கு வினாடிக்கு 4 மீட்டர் காற்றில் வருவது 15 வாட். எழுத்துப் பிழை இல்லை, பதினைந்துதான். மொட்டை மாடி உயரத்தில், தென்னையும் பக்கத்து வீடும் மறைக்கிற இடத்தில், வருஷ சராசரி 4 மீட்டர் என்பதே தாராளமான அனுமானம்.

இங்கே விற்பவர் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். சராசரி வேகத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடக்கூடாது. காற்று சில நேரம் பலமாக அடிக்கும், அந்த நேரத்தில் மும்மடி வேலை செய்து ஈடுகட்டும். வழக்கமான காற்றுப் பரவலுக்கு இந்த ஈடு கிட்டத்தட்ட 1.9 மடங்கு. அதையும் சேர்த்தால் சராசரி 28 வாட். ஒரு நாளைக்கு 0.67 யூனிட். அதே 2 சதுர மீட்டருக்கு ஒரு சோலார் பேனல் வைத்தால் 400 வாட் பேனல் வைக்கலாம். தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு 4 யூனிட் என்பது பொதுவான கணக்கு. ஆக 1.6 யூனிட். சுற்றும் பாகம் கிடையாது, பேரிங் கிடையாது, கிரீஸ் கிடையாது.

இப்போது சித்தப்பாவின் மோட்டார். எங்கள் பக்கம் ஆழம் போகப் போக மோட்டாரும் பெரிசாகிக்கொண்டே போகிறது. இருந்தாலும் 5 எச்பி என்றே வைத்துக்கொள்வோம். அதற்குக் குறைந்தது 4 கிலோவாட் வேண்டும். காற்று வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் விடாமல் அடிக்கிறது என்று வைத்தாலும், ஒரு சதுர மீட்டருக்குக் கிடைப்பது 14 வாட் சொச்சம். வகுத்துப் பார்த்தால் 278 சதுர மீட்டர் வருகிறது. நம் ஊர் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய ஏழு சென்ட். ஏழு சென்ட் மனையை அப்படியே பெயர்த்தெடுத்து, காற்றுக்கு எதிரே செங்குத்தாக நிறுத்திவைத்த மாதிரி ஒரு இயந்திரம். போனில் இதைச் சொன்னபோது சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "ஏழு சென்ட்டா? அதுக்கு நான் ஒரு வீடு கட்டி வாடகைக்கு விடுவேனே" என்றார்.

"எந்தத் திசைக் காற்றுக்கும் சுற்றும்" என்பதைத்தான் இவர்கள் பெரிய ஆயுதமாக எடுத்துவருகிறார்கள். உண்மைதான், செங்குத்து அச்சு இயந்திரத்தைக் காற்றின் பக்கம் திருப்ப வேண்டியதில்லை. ஆனால் நம் ஊருக்கு அது எவ்வளவு பெரிய லாபம்? கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரையில் கடலுக்குப் போகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பேர் வைத்திருக்கிறார்கள். ஒரு காற்று மாதக்கணக்கில் ஒரே பக்கமிருந்து வருவதால்தான் அதற்கு ஒரு பேரும் ஒரு பருவமும் கிடைத்திருக்கிறது. நிமிஷத்துக்கு ஒரு திசை மாறும் காற்றுக்கு யாரும் பேர் வைப்பதில்லை. இப்படிப் பருவம் பார்த்து வரும் காற்றுக்குச் சாதாரணக் கிடை அச்சு இயந்திரத்தின் பின்னால் ஒரு தகர வால் வைத்தால் போதும், அதுவே திரும்பிக்கொள்ளும்.

இன்னொரு வேடிக்கை. நஷ்டிஃபான் ஆலைகள் செங்குத்து அச்சுதான், ஆனால் எந்தத் திசைக்கும் சுற்றுபவை இல்லை. காற்றுக்கு எதிராகத் திரும்பி வரும் பக்கத்தைச் சுவர் வைத்து மறைத்திருக்கிறார்கள். அங்கே கோடையில் ஏறக்குறைய 120 நாள் ஒரே பக்கமிருந்து பலமாக அடிக்கும் காற்றை நம்பிக் கட்டியவை அவை. ஊர்க் காற்றைப் பார்த்துவிட்டு இயந்திரத்தைக் கட்டினார்கள். நாம் இயந்திரத்தை வாங்கிவிட்டுக் காற்றைத் தேடுகிறோம்.

திசை அடிக்கடி மாறுவது எங்கே என்று பார்த்தால், வீட்டுக் கூரை மேலேதான். கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி, பக்கத்து மாடி எல்லாம் மோதிக் காற்றைச் சுழிக்க வைக்கும். அந்தச் சுழிப்பில் செங்குத்து அச்சு தாக்குப்பிடிக்கும் என்பது சரி. ஆனால் சுழிக்கிற காற்று என்றால் ஏற்கெனவே வேகத்தை இழந்த காற்று என்று அர்த்தம். இங்கிலாந்தில் வார்விக் சோதனை என்று ஒன்று நடத்தினார்கள். கட்டடங்களில் மாட்டிய 26 சின்னக் காற்றாலைகளை 2007, 2008ல் அளந்து 2009ல் அறிக்கை வெளியிட்டார்கள். நிறுத்தி வைத்திருந்த நேரத்தையும் சேர்த்து, ஒரு இயந்திரத்துக்கு நாளொன்றுக்குச் சராசரியாகக் கிடைத்தது 214 வாட்-மணி. கால் யூனிட்கூட இல்லை. அவை செங்குத்து அச்சு வகை இல்லை என்று சொல்லித் தப்பிக்கலாம்தான். ஆனால் அங்கே தோற்றது அச்சா, கூரைக் காற்றா?

செங்குத்து அச்சையே பெரிய அளவில் செய்துபார்த்தவர்களும் உண்டு. கனடாவின் கியூபெக்கில் காப்-ஷா என்ற ஊரில் 'இயோல்' என்று சுமார் 110 மீட்டர் உயரத்துக்கு ஒரு டாரியஸ் நிறுத்தினார்கள். கிட்டத்தட்ட 4 மெகாவாட். மொத்த எடையையும் தாங்கிய அடிப் பேரிங் பழுதாகி 1993ல் நின்றுபோனது. கலிஃபோர்னியாவில் ஃப்ளோவிண்ட் நிறுவனம் 1980களில் 500க்கும் மேற்பட்ட டாரியஸ் இயந்திரங்களை நிறுத்தியது. 1997ல் நிறுவனமே திவாலானது. முட்டாள்கள் செய்த வேலை இல்லை அது. ஒவ்வொரு சுற்றிலும் இறக்கை ஒரு முறை காற்றை முன்பக்கம் வாங்குகிறது, ஒரு முறை பின்பக்கம் வாங்குகிறது. கம்பியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? அதேதான். அலுமினிய இறக்கைகள் களைத்து விரிசல் விட்டன. இந்த வரலாற்றைச் சொல்லாமல் "உலகிலேயே புதிய தொழில்நுட்பம்" என்று விற்பவர்மேல்தான் எனக்குக் கோபம்.

ஈஃபில் கோபுரத்திலேயே வைத்திருக்கிறார்களே என்பார்கள். வைத்தார்கள், 2015ல், இரண்டு. இரண்டும் சேர்ந்து வருஷத்துக்கு 10,000 யூனிட் தரும் என்பது எதிர்பார்ப்பு. தரையிலிருந்து 120 மீட்டருக்கும் மேலே, தடுப்பே இல்லாத காற்றில் வைத்துத்தான் அந்த எண். கோபுரத்தின் மொத்தச் செலவோ பல லட்சம் யூனிட். அது ஒரு அடையாளம், அலங்காரம். அப்படித்தான் சொல்லி வைத்தார்கள் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. சித்தப்பாவுக்கு அலங்காரம் தேவையில்லை.

இனி கல்லூரி மாடல்கள். எங்கள் பகுதியில் ஒரு கண்காட்சிக்குப் பார்வையாளனாகப் போயிருந்தேன். பிவிசி குழாயை வெட்டிச் செய்த சவோனியஸ், பக்கத்திலேயே ஒரு பெடஸ்டல் ஃபேன். ஃபேனைப் போட்டார்கள், சுழலி சுற்றியது, ஒரு எல்இடி மினுக்கியது, கைதட்டல். நான் கேட்டது ஒன்றே ஒன்று: "தம்பி, ஃபேன் எத்தனை வாட் இழுக்குது, எல்இடி எத்தனை வாட் எரியுது?" ஃபேன் 60, 70 வாட். எல்இடி ஒரு வாட்டுக்கும் கீழே. பையன் நன்றாகவே யோசித்துப் பதில் சொன்னான், "சார், அதை ரிப்போர்ட்ல கேக்கல." அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? நெடுஞ்சாலை நடுவில் லாரி கிளப்பும் காற்றில் கரண்ட் எடுக்கலாம் என்ற அடுத்த மேசை மாடலுக்கும் இதே கதைதான். லாரி கடக்கும் இரண்டு மூன்று வினாடிக்கு ஒரு தள்ளு கிடைக்கும், சுழலி வேகம் எடுப்பதற்குள் காற்று ஓய்ந்துவிடும். ஒரு அளவுமானியைக் கையில் கொடுத்து ஒரு வாரம் சாலையோரம் உட்காரவைத்திருந்தால் அந்தப் பிள்ளைகள் இதைவிட நல்ல அறிக்கை எழுதியிருப்பார்கள்.

நியாயமான ஆராய்ச்சியும் நடக்கிறது. கால்டெக்கில் இருந்த ஜான் டாபிரி, மீன் கூட்டம் நீந்துவதைப் பார்த்து, எதிரெதிர் திசையில் சுற்றும் செங்குத்து இயந்திரங்களை நெருக்கமாக நட்டால் ஒரே நிலப்பரப்பில் அதிக மின்சாரம் எடுக்கலாம் என்று 2011ல் கட்டுரை வெளியிட்டார். 10 மீட்டர் உயர இயந்திரங்களைப் பாலைவனத் திறந்தவெளியில் நட்டு அளந்த முடிவு அது. எனக்குப் பிடித்த வேலை. ஆனால் அது தீர்ப்பது நிலப் பற்றாக்குறையை, காற்றுப் பற்றாக்குறையை இல்லை.

நம் மாநிலத்தில் காற்று இருக்கும் இடம் எல்லோருக்கும் தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலை வழிவிடும் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களின் வாயில். அங்கே நூறு மீட்டர் உயரத்தில் நிற்கின்றன கோபுரங்கள். புதுக்கோட்டை அந்த வாயில்களிலிருந்து தள்ளி இருக்கிறது. மணமேல்குடி கடற்கரையில் காற்று உள்நாட்டைவிட மேல். ஆனால் அந்தக் கடலுக்கு அக்கரையில் காற்றை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்திய நிதியுதவியில் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் போட்டார்கள். காற்று 530 கிலோவாட், சூரியம் 1,700 கிலோவாட், கூடவே பேட்டரி, அவசரத்துக்கு டீசல். காற்றடிக்கும் தீவிலேயே சூரியத்துக்கு மூன்று மடங்கு இடம்.

இதையெல்லாம் சொன்னதும் சித்தப்பா கேட்டார், "சரிப்பா, கஜா மாதிரி ஒண்ணு வந்தா சோலார் பலகையும் பறக்குமே?" நல்ல கேள்வி. பறக்கும், சரியாக முடுக்காவிட்டால். ஆனால் காத்தாடிக்கு அது இன்னும் மோசம். கஜாவின் 120 கிலோமீட்டர் காற்று என்பது விளம்பர வேகமான 43ஐப் போல 2.8 மடங்கு. தள்ளும் விசை கிட்டத்தட்ட எட்டு மடங்கு, உள்ளே வரும் சக்தி இருபது மடங்குக்கும் மேல். பெரிய இயந்திரங்கள் இறக்கையைத் திருப்பிக் காற்றை நழுவவிடும். இந்த முறுக்கு இறக்கையைத் திருப்ப முடியாது, பிரேக் ஒன்றுதான் கதி. பிரேக் விட்டுப்போனால், பலகை பறப்பதைவிட இறக்கை பறப்பது ஆபத்து.

அது போக, அவருக்கு இருப்பது விவசாய இலவச இணைப்பு. காத்தாடி மிச்சப்படுத்தப்போகும் பில் பூஜ்யம். கரண்ட் இல்லாத நாட்களுக்காகத்தான் செலவு என்றால், மானியத்தில் கிடைக்கும் சோலார் பம்பைப் பற்றி வேளாண் பொறியியல் துறையில் விசாரிக்கலாம். இல்லை, ஊரில் நாலு பேர் சேர்ந்து ஒரு டீசல் ஜெனரேட்டர் வாங்கி வைக்கலாம். கேட்க நன்றாக இருக்காது, ஆனால் வேலை நடக்கும்.

அப்படியும் காத்தாடிதான் வேண்டும் என்பவர்கள் விற்பவரிடம் "எத்தனை வாட்" என்று கேட்காதீர்கள். எத்தனை சதுர மீட்டர், எந்த வேகத்தில் எத்தனை வாட், வினாடிக்கு 4 மீட்டரில் எவ்வளவு என்று கேளுங்கள். சென்னை பள்ளிக்கரணையில் தலைமையகம் வைத்திருக்கும் தேசிய காற்றாற்றல் நிறுவனத்துக்குக் கயத்தாறில் சோதனை நிலையம் இருக்கிறது. இந்த மாடல் அங்கே சோதித்ததா, தாளைக் காட்டு என்று கேளுங்கள். சித்தப்பா கேட்டிருக்கிறார். "அனுப்புறோம் சார்" என்றார்களாம். இன்னும் வரவில்லை. அட்வான்ஸும் போகவில்லை.

ஆனால் மனுஷன் லேசில் விடவில்லை. "எங்க தோப்புல காத்து இல்லன்னு நீ சென்னைல உக்காந்து எப்புடிச் சொல்ற? ஆடி மாசம் வந்து நின்னு பாரு" என்றார். அதுவும் சரிதானே. நான் 4 மீட்டர், 5 மீட்டர் என்று போட்டதெல்லாம் அனுமானம், அவர் அங்கேயே நிற்கிறவர். அதனால் நான் ஒரு கிண்ணக் காற்றுமானி வாங்கி அனுப்பியிருக்கிறேன். நாலு கிண்ணம், நட்டமாக ஒரு அச்சு, கீழே ஒரு சின்னப் பதிவுப் பெட்டி. பார்க்கப் போனால் அதுவும் ஒரு செங்குத்து அச்சுக் காற்றாலைதான். பம்ப்செட் கொட்டகைப் பக்கத்தில் ஒரு நீளமான இரும்புக் குழாய் நட்டு அதன் உச்சியில் மாட்டச் சொல்லியிருக்கிறேன். ஆடி முதல் தை வரை எழுதி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். எண்கள் வந்ததும், என் கணக்குத் தப்பாக இருந்தாலும், இங்கேயே போடுகிறேன்.